ரௌஷான் அபாவுக்கு ஒரு வாய்

மேய்ரம் வாயைத் திறந்தால் பொய்தான் வரும். குறையாகச் சொல்லவில்லை, அவன் பிழைப்பே அது. எங்கள் ஷிம்கெந்த் நகரத்தில் கல்யாணமோ, பிள்ளைக்குச் சுன்னத்தோ, யாருக்காவது ஐம்பது வயது நிறைந்ததோ, நானூறு பேருக்குக் குறைவாகக் கூப்பிட்டால் அந்தக் குடும்பம் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியாது. அந்த நானூறு பேரையும் கட்டி மேய்க்க மைக் பிடித்த ஆள் ஒருவன் வேண்டும். தமாதா என்று பேர். பதினாறு வருஷமாக மேய்ரம் அந்த வேலையைத்தான் பார்க்கிறான். எல்லா மணப்பெண்ணும் அவனுக்கு நிலா, எல்லா மாப்பிள்ளையும் ராஜாளி. பெண்ணின் சித்தப்பாவோடு ஆபீசில் வேலை பார்த்தவர், அரைத் தூக்கத்தில் இருப்பவர், யாரென்று அவனுக்கே தெரியாதவர் எல்லோரும் "நம் மாவட்டத்தின் பெருமை". ஒரு தடவை மணப்பெண்ணின் பேரையே மாற்றிச் சொல்லிவிட்டு, "இந்த அழகுக்கு ஒரு பேர் போதுமா?" என்று சமாளித்தான். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன், வெட்கக்கேடு.

நான் கனாத், பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறேன், அவன் தன் வாயைத் திறந்து பிழைக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் தௌலெத்தும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. தௌலெத்தின் அம்மா ரௌஷானைப் பிள்ளைகள் எல்லாம் மரியாதையாக அபா என்போம், எங்கள் பள்ளிக்கூட கேன்டீனில் சமையல்காரி. மேய்ரமுக்கு எட்டு வயதில் தாய் போய்விட்டாள். அப்பன் லாரியோடு எங்கேயோ இருப்பான். அதனால் அவன் சாப்பிட்டதெல்லாம் அபாவின் கையால்தான். இவன் வாயை அடைக்க முடியாத அபா ஒருநாள் சூப் ஊற்றும் கரண்டியை அவன் கையில் கொடுத்து, "இந்த வரிசையைச் சத்தமில்லாம நிறுத்து, உனக்கு ரெண்டாவது கரண்டி ஊத்தறேன்" என்றாள். அவன் கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "இதோ வருகிறார் மூன்றாம் வகுப்பின் வீரத் திலகம்!" என்று ஆரம்பித்தான். வரிசை அடங்கியது. அவனுக்கு முதல் மைக் அந்தக் கரண்டிதான்.

போன வருஷம் தௌலெத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஹெல்சிங்கியில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷமாக இருக்கிறான். பெண் அந்த ஊர்க்காரி, பேர் வென்லா. ஜூன் மாதம் தேதி வைத்தார்கள். ரௌஷான் அபா விசா எடுத்தாள், டிக்கெட் எடுத்தாள், கருநீல வெல்வெட்டில் நீள அங்கி தைத்தாள். புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோமே, துவைத்த திரைச்சீலையை மாட்டிவிடலாம் என்று ஸ்டூலில் ஏறி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறேன் என்று தௌலெத் போனில் அழுதான்.

"குறிச்ச தேதிய எவனாவது தள்ளுவானா? வாய மூடிட்டுக் கல்யாணம் பண்ணு," என்று அபா போனை வைத்தாள். வைத்த பிறகு அவளும் அழுதாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் விருந்து முடியும் நேரத்தில், பட்டும் வைரமுமாக வந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும் கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் பையை எடுப்பார்கள். மேசையில் மீந்த கறி, ரொட்டி, மிட்டாய் எல்லாம் அதற்குள் போகும். அதற்கு சர்கித் என்று பேர். வர முடியாமல் வீட்டில் இருக்கிறவர்கள் அதில் ஒரு வாய் போட்டுக்கொண்டால் அவர்களும் விருந்துக்கு வந்த மாதிரி. மந்திரி வீட்டுப் பெண்ணும் எடுப்பாள், மந்திரி வீட்டில் பாத்திரம் கழுவுகிறவளும் எடுப்பாள். எனக்கு இந்த வழக்கத்தைக் கண்டாலே எரிச்சல். மூன்று வாரத்துக்கு முந்தைய கல்யாணத்தின் கல்லு மிட்டாயைக் கடித்துப் பல் உடைந்து வருகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேர். ஒருத்தியிடம், "ஏம்மா இதைக் கடிச்சீங்க?" என்றேன். "சர்கித் டாக்டர், தூக்கிப் போட முடியுமா?" என்றாள். பல்லைத் தூக்கிப் போட்டாள்.

நானும் மேய்ரமும் கல்யாணத்துக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் அபாவைப் பார்க்கப் போனோம். தெருப் பெண்கள் முழுக்க அறையில் இருந்தார்கள். அபா படுக்கையில் இல்லை. அடுப்பு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக் காலை எதிர் ஸ்டூலில் நீட்டிக்கொண்டு பௌர்சாக் பொரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடுகளில் உருண்டை மாவை எண்ணெயில் பொரிக்காமல் எந்த நல்ல காரியமும் நடக்காது. நடுவில் தௌலெத் போன் பண்ணியதில் மாவுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு சௌரேஷ் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"உப்பு தூக்கல்டி ரௌஷான். உன் கையே உப்புக் கை. முப்பது வருஷமா சொல்றேன், கேக்கறியா?"

"முப்பது வருஷமா நீ தின்னுட்டுத்தானடி சொல்றே," என்றாள் அபா. பிறகு மேய்ரமைப் பார்த்தாள். "டேய் இங்க வா. போன்ல காட்டறேன், வீடியோல காட்டறேன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் வேணாம். என் மகன் கல்யாண மேசைலேர்ந்து ஒரு வாய் சர்கித் கொண்டா. அது என் வாயில படலேன்னா எனக்கு அந்தக் கல்யாணம் நடக்கவே இல்ல."

சாதாரண மனுஷன் சரி என்று சொல்லியிருப்பான். சுற்றி இருபது பெண்கள் இருக்கிறார்களே, மேய்ரம் எழுந்து நின்றான். மைக் இல்லாத கையை மைக் மாதிரியே பிடித்தான்.

"ஒரு வாயா? அபா, ஒரு மூட்டை கொண்டாறேன்! ஐரோப்பாவையே பொட்டலம் கட்டிக் கொண்டாறேன்! இந்தத் தெருவுக்கே பந்தி வைக்கலேன்னா என் பேரு மேய்ரம் இல்ல!"

பெண்கள் கை தட்டினார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சௌரேஷ் குறித்துக்கொண்டாள்.

"மூட்டை வேணாம்டா," என்றாள் அபா. "ஒரு வாய் போதும். ஆனா கடைல வாங்கிட்டு வந்து மேசைலேர்ந்துன்னு சொன்னே, எனக்குத் தெரிஞ்சிடும்."

அவள் கொடுத்து அனுப்பியது குடலில் அடைத்த குதிரைக்கறி கஸி ஐந்து கிலோ, ஒரு பை பௌர்சாக், சம்பந்திக்குத் தங்க ஜரிகை போட்ட நீள சபான் அங்கி. ஹெல்சிங்கி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு கஸியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். வெளிநாட்டு இறைச்சிக்கு அனுமதி இல்லையாம். மேய்ரம் அவரைக் கட்டிப் பிடித்தான், அண்ணன் என்றான், ஒரு துண்டு அறுத்துத் தருகிறேன் என்று கத்தி கேட்டான். விமான நிலையத்தில் கத்தி! நான் அவன் வாயைப் பொத்தினேன். அதிகாரி கோபப்படவே இல்லை. கஸியை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, நன்றி சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பௌர்சாக்கை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். வெறும் மாவு, போகலாம்.

தௌலெத் எங்களைக் கூட்டிப் போக வந்திருந்தான். காரில் மேய்ரம் வேலையை ஆரம்பித்தான்.

"மண்டபம் எங்கடா? மைக் செட் யாரு? மொத்தம் எத்தனை?"

"இருபத்தொண்ணு."

"இருபத்தோரு மேசையா? சின்னதுதான். பரவால்ல, சமாளிக்கலாம்."

"இருபத்தோரு பேரு."

மேய்ரம் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "டேய், பொண்ணு வீட்ல யாராவது தவறிட்டாங்களாடா?" என்றான்.

மறுநாள் நகர மன்றத்தில் கல்யாணம். பத்து நிமிஷத்தில் முடிந்தது. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குள் மாப்பிள்ளையின் கார் கதவைக்கூடத் திறக்க விட மாட்டார்கள். பிறகு கடலோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஒரே நீள மேசை, அவரவர் பேர் எழுதின அட்டை, அட்டைக்கு முன்னால் ஒரு தட்டு. மேய்ரம் அந்த மேசையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு தடவை பார்த்தான். நடுவில் உணவு எதுவும் இல்லை. ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியில் பூ இருந்தது, அவ்வளவுதான்.

"கனாத், சாப்பாடு எங்கடா?"

"தட்டுல வரும்டா."

"வந்து?"

"தின்போம்."

"தின்னு முடிச்சப்புறம் என்னடா மிஞ்சும்?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இருபத்தோரு பேருக்கு இருபத்தோரு தட்டு. எடுத்துப் போக இந்த ஊரில் எதையுமே மிச்சம் வைப்பதில்லை.

சபானைப் பெண்ணின் அப்பா பென்த்திக்குப் போட்டுவிட்டோம். நெடுநெடுவென்று வளர்ந்த, பேசாத மனுஷன். தங்க ஜரிகையோடு அந்தச் சாயங்காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார், வேர்த்து வழிந்தும் கழற்றவில்லை. மேய்ரம் எழுந்து கிளாஸைத் தட்டி, எட்டு நிமிஷம் வாழ்த்தினான். ஸ்தெப்பிப் புல்வெளி வந்தது, ஏழு தலைமுறை வந்தது, நிலா வந்தது, ராஜாளி வந்தது, கடைசியில் அவனுக்கே கண் கலங்கியது. தௌலெத் அதைப் பின்னிஷ் மொழியில் சொன்னான். நாலு வார்த்தை.

"என்னடா சொன்னே?" என்றேன்.

"சந்தோஷமா இருங்கன்னு சொல்றான்னு சொன்னேன்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒரு மாமா மட்டும் இரண்டு தடவை ஆட்டினார். அதுதான் அன்றைய கைதட்டல்.

மீன் வந்தது. தட்டுக்கு ஒரு துண்டு சால்மன், மூன்று உருளைக்கிழங்கு, பச்சையாக ஒரு தழை. ஆட்கள் பேசாமல் தின்றார்கள், குழம்பையும் ரொட்டியால் வழித்தார்கள். தட்டுகள் ஒவ்வொன்றாகக் கழுவி வைத்த மாதிரி ஆகிக்கொண்டிருந்தன. எனக்கு உண்மையில் சந்தோஷம், கல்லு மிட்டாய் இல்லாத ஊர். மேய்ரமைப் பார்த்தேன். அவன் பாதி மீனையும் ஒரு கிழங்கையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மடியில் பிளாஸ்டிக் பையை விரித்துக்கொண்டிருந்தான். முகத்தை மட்டும் ஏதோ பூவை ரசிக்கிற மாதிரி வைத்துக்கொண்டான். மீன் மேசைக்கு அடியில் மறைந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த மர்கெத்தா, வென்லாவின் அம்மா, பார்த்துவிட்டாள்.

தௌலெத்தும் பார்த்தான். முகம் சிவந்து போனது. குனிந்து, "மேய்ரம், அதை உள்ள வை. இங்க யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்கடா," என்றான்.

"உங்கம்மா கேட்டாங்கடா," என்றான் மேய்ரம்.

 அதற்குள் மர்கெத்தா எழுந்து சுற்றி வந்துவிட்டாள். நல்ல பொம்பளை. இந்த மனுஷன் எவ்வளவு பசியோடு, எவ்வளவு கூச்சத்தோடு இருக்கிறானோ என்று அவள் நினைத்திருக்க வேண்டும். மேய்ரமின் தோளில் கை வைத்தாள், பையை மெதுவாக வாங்கினாள், அதிலிருந்த மீனை அவன் தட்டில் கொட்டினாள், தன் தட்டில் மிச்சமிருந்த மீனையும் அதன்மேல் வைத்தாள். பென்த்தி சபான் கையை மடித்துவிட்டு ஒரு கிழங்கு கொடுத்தார். தலையை இரண்டு தடவை ஆட்டினவர் ரொட்டி கொடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரி கையால் வைத்ததைத் தின்னாமல் எழுந்தால் எங்கள் வழக்கத்தில் அதைவிட அவமரியாதை கிடையாது. மேய்ரம் அவ்வளவையும் தின்றான். ஒவ்வொரு வாய்க்கும் என்னைப் பார்த்து, "போச்சுடா, போச்சு," என்றான்.

காப்பி நேரத்தில் ஸ்ட்ராபெர்ரி கிரீம் கேக் வந்தது. இருபத்தொன்றாக வெட்டினார்கள். பக்கத்தில் தௌலெத் ஒரு பெரிய தட்டில் அம்மாவின் பௌர்சாக்கைக் கொட்டி வைத்தான். யாரும் எடுப்பதற்கு முன்னால் அவனே ஒன்றை எடுத்துக் கடித்தான். கடித்தவன் வென்லாவிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், கடலைப் பார்த்து நின்றான். நான் பின்னால் போகவில்லை. போயிருந்தால் நானும் அழுதிருப்பேன், எனக்கு அது பிடிக்காது.

உள்ளே வேறு கூத்து நடந்தது. உப்புப் போட்ட கறுப்பு மிட்டாயைச் சப்புகிற ஜனங்கள் அவர்கள், நானே விமான நிலையத்தில் ஒன்றை வாயில் போட்டுத் துப்பினேன். அபாவின் இரட்டை உப்பு அவர்களுக்கு அமிர்தமாகப் போய்விட்டது. பேசாத பென்த்தி முதல் தடவையாக வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசினார். மர்கெத்தா செய்முறையை எழுதி வாங்கினாள். ஐந்து நிமிஷத்தில் தட்டு காலி.

தௌலெத் திரும்பி வந்து தன் பங்கு கேக்கை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து மேய்ரமிடம் நீட்டினான். "நான் தொடலடா. அம்மாகிட்ட கொடு," என்றான். மேய்ரம் அதை இரண்டு கையாலும் வாங்கினான். சாயங்காலம் நாலு மணிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு விருந்தாளி குளிக்கவே போயிருக்க மாட்டான்.

மறுநாள் விமான நிலையத்தில் மேய்ரம் கேக் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தான். பெரிய பெட்டிக்குள் வைடா என்றால், "சர்கித்தைச் செருப்போட வைக்கச் சொல்றியா?" என்று சண்டைக்கு வந்தான். சோதனை செய்யும் இடத்தில் ஒரு சின்னப் பெண் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கிரீமைக் காட்டினாள். கிரீம் என்றால் தண்ணீர்க் கணக்கு, இவ்வளவு கொண்டுபோக முடியாது என்றாள். மேய்ரம் கையாலேயே எல்லாம் சொன்னான், அம்மா, ஸ்டூல், விழுந்தது, தொடை, மாவுக்கட்டு. மாவுக்கட்டுக்காக ஒரு காலை விறைப்பாக நீட்டி நொண்டியும் காட்டினான். அவளுக்கு எல்லாம் புரிந்தது, கண்ணில் தெரிந்தது. ஆனாலும் விரல் குப்பைத் தொட்டியைத்தான் காட்டியது.

"நீ தின்னும்மா," என்றான் மேய்ரம். "குப்பைல போடாத. நீயே தின்னு."

அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

கல்யாணச் சாப்பாட்டைக் குப்பையில் போட எங்களுக்குக் கை வராது. பின்னால் வரிசை நிற்கிறது. பெல்ட் இல்லாமல், செருப்பில்லாமல், ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ரௌஷான் அபாவின் கேக்கைத் தின்றோம். அதைவிட நல்ல கேக்கை நான் தின்றதில்லை. அதைவிடக் கேவலமாகவும் எதையும் தின்றதில்லை. கடைசி ஸ்ட்ராபெர்ரியை மேய்ரம் எனக்குக் கொடுத்தான்.

இஸ்தான்புல்லில் விமானம் மாற வேண்டும். அங்கே கடைகள், கடைகளுக்குள் கடைகள். ஒரு சாக்லேட் பெட்டியின் மேல் பழைய ஐரோப்பிய அரண்மனை ஒன்றின் படம் இருந்தது. மேய்ரம் அதைக் கையில் எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். எனக்கு அலுத்துவிட்டது.

"வாங்குடா. கல்யாண மேசைல இருந்ததுன்னு சொல்லு. தினம் நானூறு பேர்கிட்ட பொய் சொல்றே, இன்னொண்ணு சொல்லு."

"மைக் இருந்தா சொல்லிடுவேன்டா," என்றான் அவன். "அந்தம்மா மூஞ்சியப் பார்த்து வெறும் வாயால எப்படிடா சொல்றது? எனக்கு ரெண்டாவது கரண்டி ஊத்தினவங்கடா."

சொல்லிவிட்டு அப்படியே கடை நடுவில் தரையில் உட்கார்ந்தான். ஐரோப்பாவையே பொட்டலம் கட்டுவதாகச் சொன்னவன். அவன் முகம் சுண்டிப் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவன்மேல் கோபம், சௌரேஷ் மேல் கோபம், ஸ்டூல் மேல் கோபம். விமானச் சீட்டை எடுத்து நேரம் பார்க்கலாம் என்று கோட்டுப் பையில் கை விட்டேன். கல்யாணத்துக்குப் போட்ட அதே கோட்டு. கையில் ஏதோ மெத்தென்று தட்டியது. எடுத்துப் பார்த்தேன். கடலோரக் கடையின் வெள்ளைக் காகிதத் துண்டில் சுருட்டி, நாலு பௌர்சாக், ஒரு சர்க்கரைக் கட்டி.

நான் எப்போது எடுத்தேன்? சத்தியமாகத் தெரியவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் எழுவதற்குள் என் கை எதையாவது பையில் போட்டுவிடும். சர்கித்தைத் திட்டுகிற வாய் வேறு, இந்தக் கை வேறு போலிருக்கிறது. மேய்ரம் என் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மேசைலேர்ந்தா?"

"மேசைலேர்ந்துதான்."

"டேய், ஆனா இது அவங்க சுட்டதுடா! அவங்க கொடுத்ததையே அவங்களுக்குக் கொண்டுபோறதா?"

"கல்யாண மேசைல மீந்தது எதுவும் சர்கித்தான்டா. நீதானே பெரிய பண்டிதன், நீயே சொல்லு."

மேய்ரம் யோசித்தான். சாக்லேட் பெட்டியை அடுக்கில் திருப்பி வைத்தான். எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

ஷிம்கெந்தில் சௌரேஷ் குறித்துக்கொண்ட நேரத்துக்கு அறை நிறைந்திருந்தது. மூட்டையை எதிர்பார்த்துச் சிலர் பாத்திரமும் கொண்டுவந்திருந்தார்கள். அபா கருநீல வெல்வெட்டைப் போட்டுக்கொண்டு, மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மேய்ரம் காகிதத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தான். கோட்டுக்குள் நசுங்கி, நாலும் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் சௌரேஷ்.

"இவ்வளவுதான்," என்றான் மேய்ரம். கையை மைக் மாதிரி பிடிக்கவில்லை. "தௌலெத் கல்யாண மேசைலேர்ந்து, அபா. சத்தியமா."

அபா ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் நகத்தளவு நகத்தளவாகப் பிய்த்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னாள். சௌரேஷ் தன் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"பார்க்க நம்ம பௌர்சாக் மாதிரியேதான் இருக்கு. ஆனா ருசி எங்கேயோ போகுது! ஐரோப்பா மாவு ஐரோப்பா மாவுதான்."

"வெண்ணெய் போட்டிருப்பாங்க," என்றாள் ஒருத்தி.

"அந்த ஊரு தண்ணியும் இருக்குல்ல," என்றாள் இன்னொருத்தி.

"உப்ப பாருங்கடி, உப்ப! எவ்வளவு அளவா!" என்றாள் சௌரேஷ். "அடியே ரௌஷான், வருத்தப்படாத, சொல்றேன். பௌர்சாக்னா இப்படிச் சுடணும். முப்பது வருஷமா சொல்றேன்."

நான் வாயைத் திறந்தேன். மேய்ரம் என் காலை மிதித்தான். அபா அப்போதுதான் தன் துண்டைக் கடித்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். மேய்ரமைப் பார்த்தாள், அவன் தரையைப் பார்த்தான். சௌரேஷைப் பார்த்தாள், அவள் விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

அபா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்ததில் கட்டுப் போட்ட கால் வலித்து ஐயோ என்றாள், ஐயோ என்றபடி மறுபடி சிரித்தாள். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று தெருவே சேர்ந்து சிரித்தது. விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேய்ரம் மண்டியிட்டு உட்கார்ந்து, "கஸிய புடுங்கிட்டாங்க அபா. மீன என்னையே தின்ன வச்சுட்டாங்க. தௌலெத் அவன் பங்கு கேக்க உங்களுக்குன்னு கொடுத்தான், அதையும் விடல, நாங்கதான் தின்னோம். இது ஒண்ணுதான் வந்துச்சு," என்று கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னான். பதினாறு வருஷத்தில் அவன் நிலாவும் ராஜாளியும் இல்லாமல் பேசினது அன்றைக்குத்தான்.

அபா எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவன் தின்னானாடா?"

"அவன்தான் அபா மொதல்ல எடுத்தான். வேற யாரும் தொடறதுக்கு முன்னாடி. தின்னுட்டு வெளியே போய் நின்னுட்டான்."

"அவ?"

"வென்லாவா? மூணு தின்னா. அவங்கம்மா எழுதி வாங்கினாங்க."

"எத்தனை உப்புன்னு எழுதினா?"

"ரெண்டு தடவைன்னு தௌலெத் சொன்னான்."

அபா கையிலிருந்த மீதியை வாயில் போட்டு, ஒரு துணுக்கு விடாமல் மென்று விழுங்கினாள். வெல்வெட்டில் விழுந்திருந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்தாள்.

"அப்படின்னா நானும் போய்ட்டு வந்துட்டேன்டா," என்றாள்.

பிறகு டீ போடச் சொன்னாள். அந்தச் சர்க்கரைக் கட்டியை நாக்கடியில் வைத்துக்கொண்டு குடித்தாள். பல்லுக்கு நல்லதில்லை, நானே இரண்டாவது கோப்பையும் ஊற்றிக் கொடுத்தேன்.